கன்னுக்குட்டி வண்டியும் இரண்டு சோளத்தட்டையும்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய ஆள் வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார். விலை படிந்ததா என்று அன்றைக்குச் சாயங்காலமே போனில் கேட்டாய். "பேசிக்கிட்டிருக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, மழை பெய்கிறது, மாப்பிள்ளை நல்லா இருக்கிறாரா, சாப்பிட்டாயா என்று வழக்கமான மூன்று கேள்வியையும் கேட்டு வைத்துவிட்டேன். எனக்குப் போனில் பேச வராது. பட்டறையில் காலமெல்லாம் சம்மட்டி அடித்து இடது காது போய்விட்டது, வலது காதும் நினைத்தால் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த மனுஷர் வாயிலிருந்து உனக்கு ஒரு விஷயம் வருவதற்கு முன்னால் என் கையாலேயே வந்துவிட வேண்டும். என்ன விஷயம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொன்னால் உனக்குக் கோபம் வரும், மீதியைப் படிக்க மாட்டாய். உன் அம்மாவின் கோபம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. எனவே கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

அந்த வண்டி எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா இறந்துபோன வருஷம். நீ திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி வருவாய். வந்து பார்த்தால் நான் பட்டறையிலேயே படுத்திருப்பேன், வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன். வீட்டில் எனக்கு என்ன இருந்தது? அடுப்படி விளக்கைப் போட்டால் அவள் நிற்காத இடம்தான் கண்ணில் படும். ஒரு சனிக்கிழமை உன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாய். ஏதோ வெளிநாட்டில், நம்முடையது மாதிரியே ஒரு சின்ன ஜீப், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, அதன் பின்னால் ஒரு குட்டிப் பெட்டி வண்டி. உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை. பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரமும். எங்கே பிடிக்கிறதோ அங்கே நிறுத்திப் படுத்துக்கொள்கிறார்கள். "இத நம்ம பட்டறையில செய்ய முடியாதாப்பா?" என்றாய். பெரம்பலூர் ஜில்லாவில் பாதி டிராக்டருக்கு டிப்பர் செய்து கொடுத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்காகத்தான் அப்படிக் கேட்டாய் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ரோஷத்தில் செய்கிற வேலை உருப்படுமா? டிப்பர் செய்கிற கை டிப்பர்தான் செய்தது. அதே சேனல் இரும்பு, ஜீப்போடு பிணைக்க அதே தடி ஏர்க்கால். இரண்டு பேர் படுக்கிற பெட்டிக்கு இரண்டு லோடு கரும்பு தாங்குகிற அடிச்சட்டம். அது போதாதென்று, டிராக்டருக்குப் பாரம் கொக்கியில் உட்கார்ந்தால்தான் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கும் என்கிற பழக்கத்தில், தண்ணீர் டேங்கையும் பேட்டரியையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். முதல் தடவை மாட்டியபோது ஜீப் பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. "அப்பா, நம்ம ஜீப்பு சாமி கும்புடுதுப்பா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அம்மா போனபிறகு நீ சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு சேனல் வேண்டுமானாலும் வைத்திருப்பேன். பிறகு எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, டேங்கை அச்சுக்கு மேலே தள்ளி, சன்னமான பைப்பில் மறுபடியும் செய்தேன். ஜீப் பின்னாலேயே ஆடாமல் அசையாமல் வருகிறது என்று நீதான் கன்னுக்குட்டி என்று பெயர் வைத்தாய்.

வெள்ளைப் பெயிண்ட் அடித்தது மட்டும் என் புத்தி. வேப்பந்தட்டை டீக்கடை முன்னால் மெதுவாகப் போனபோது பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு என் பக்கம் வந்து, "யாருங்க தவறிட்டாங்க, எந்த வூட்டுக்குக் கொண்டுபோறீங்க?" என்று கேட்டார். சவத்தை வைக்கிற ஐஸ் பெட்டி என்று நினைத்துவிட்டார்கள். நீ தலையை நீட்டி, "யாரும் தவறலீங்க, நாங்க படுத்துக்கத்தான்" என்றாய். அந்த மனுஷர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மறுவாரமே மஞ்சள் அடித்தாய். அதற்கப்புறம் எந்த ஸ்கூல் வண்டி என்று கேட்டார்கள். நமக்கு எந்த நிறமும் ராசியில்லை.

மாட்டுவதுதான் இதில் பெரிய வேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஓட்டுவது எளிது. ஜீப்பின் பின்னால் இருக்கிற இரும்புக் குண்டு, வண்டியின் ஏர்க்கால் முனையில் இருக்கிற கிண்ணத்துக்கு நேர் கீழே போய் நிற்க வேண்டும். உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டும் தெரியாது. பின்னால் ஒரு ஆள் நின்று வா வா என்று சொல்ல வேண்டும். சொன்னால் எனக்குக் காது கேட்காது. அதனால் ஜீப்பைக் கையால் தட்டு என்றேன். முதல் நாள் குண்டு கிண்ணத்துக்கு நேராக வந்ததும் பதற்றத்தில் டப் டப் என்று இரண்டு தட்டு தட்டினாய். பஸ் ஏறிப் பழகிய எவனுக்கும் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போலாம் ரைட். நான் இன்னும் அழுத்தினேன். ஏர்க்கால் ஜாக்கியை விட்டு நழுவி மண்ணில் குத்தி நின்றது. ஒரு நொடிக்கு முன்னால் உன் கால் இருந்த இடம் அது. நான் இறங்கி வந்து உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். "ரெண்டு விசில் அடிச்சா என்னடி அர்த்தம்?" என்று கத்தினேன். "நான் என்ன கண்டக்டராப்பா?" என்று நீயும் கத்தினாய். அன்றைக்குப் போட்ட சட்டம்தான்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. அதற்கப்புறம் நீ தட்டி நான் தப்பாக நிறுத்தியதே இல்லை. கண்ணாடியில் உன் முகம் தெரியும், உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டியதைவிட அந்தக் கண்ணாடியைப் பார்த்து ஓட்டியதுதான் அதிகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உனக்கும் மாப்பிள்ளைக்கும் உதவும். நீ ஓட்டிக்கொண்டு வந்த ஒரு தடவை, விலை சல்லிசாக இருக்கிறது என்று ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை வாங்கி நான் வண்டியின் பின்கதவுக்குள் திணித்தேன். சிறுவாச்சூர் இறக்கத்தில் அந்தப் பின்பாரத்தில் கன்னுக்குட்டி வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு ஜீப்பையே சேர்த்து ஆட்டியது. "பிரேக்க அடி, பிரேக்க அடி" என்று நான் கத்தினேன். நீ அடிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தானாக அடங்கியது. நான் சொன்னதை நீ கேட்டிருந்தால் இரண்டு பேரும் பள்ளத்தில் கிடந்திருப்போம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாப்பிள்ளையோடு சண்டை என்று அழுதுகொண்டு கூப்பிட்டாயே, அன்றைக்கு எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "வால் ஆடறப்ப பிரேக் அடிக்காத பாப்பா" என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்தாய். அது நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. உன்னிடம் கற்றுக்கொண்டதைத்தான் திருப்பித் தந்தேன்.

உன் கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் வெளிநாடு கிளம்பியபோது திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் வண்டியை நிறுத்தவிடாமல் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை பெட்டிகளை இறக்கினார். நான் இறங்கலாமா வேண்டாமா என்று கதவில் கை வைத்துக்கொண்டிருந்தேன். நீ பின்பக்கம் போய் எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, பழக்கத்தில் ஜீப்பை இரண்டு தட்டு தட்டினாய். நானும் பழக்கத்தில் எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது கூட்டத்தில் உன் முகம் தெரியவில்லை. பாடாலூர் தாண்டுகிற வரைக்கும் தெரிந்துவிடும் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தேன்.

வந்து கன்னுக்குட்டியை ஷெட்டில் விட்டதோடு சரி. ஒரு தடவை தனியாக மாட்டிப் பார்த்தேன். இறங்கிப் பார்ப்பது, ஏறிக் கொஞ்சம் நகர்த்துவது, மறுபடி இறங்கிப் பார்ப்பது. முழங்கால் போனதுதான் மிச்சம். "நீ இல்லாம மாட்ட முடியலம்மா" என்று போனில் சொன்னேன். அப்போது அது உண்மை. "தீவாளிக்கு வர்றேம்பா, ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டுக் காரை செம்மண் மேட்டுக்குப் போலாம்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? டயருக்குக் காற்று அடித்து வைத்தேன், மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி. பொங்கலுக்கு என்றாய். பொங்கலுக்கு டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்றாய். அதுவும் சரி. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆபீஸ் வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நீ வந்தால்தான் மாட்ட முடியும்.

இனிமேல்தான் விஷயம். மாசி மாதம் பட்டறைக்குப் பின்னால் கொல்லையில் மக்காச்சோளம் ஒடித்துவிட்டுத் தட்டையைக் குவித்து வைத்திருந்தார்கள். சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? நீளமாக இரண்டு தட்டையை எடுத்து, ஒன்றை ஜீப் குண்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாகக் கட்டினேன். இன்னொன்றை வண்டிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கட்டினேன். ஸ்டெப்னி டயருக்கு மேலே இரண்டின் தலையும் கண்ணாடியில் தெரிந்தது. ஒன்றுக்கு நேராக இன்னொன்றை வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போனேன். இரண்டும் உரசியதும் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் குண்டு கிண்ணத்துக்கு நேர் கீழே நிற்கிறது. ஜாக்கியை இறக்கினேன், டக்கென்று கவ்விக்கொண்டது. சங்கிலியை மாட்டிவிட்டு அங்கேயே ஏர்க்கால்மேல் உட்கார்ந்தேன். வேறு எந்த வேலை இப்படிச் சுளுவாக முடிந்திருந்தாலும் உடனே உனக்கு போட்டோ எடுத்து அனுப்பியிருப்பேன். அன்றைக்குப் போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். இது உனக்குத் தெரிந்தால் நீ எதற்காக வருவாய்?

அன்றைக்கு ராத்திரி நீ கூப்பிட்டபோதும் மாட்ட முடியவில்லை என்றேன். அதற்கப்புறம் பல தடவை சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். மறைத்துக்கொண்டே தனியாகப் போயும் வந்தேன். பங்குனியில் காரைக்குப் போனேன், நாம் எப்போதும் நிறுத்துகிற செம்மண் மேட்டுக்குத்தான். பின்கதவைத் தூக்கி டீ போட்டேன். இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன், கை அப்படிப் பழகிவிட்டது. ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்து நிழலுக்கு நின்றது. "தனியாவா வந்தீங்க, கூட ஆரும் வரலீங்களா?" என்று கேட்டது. தனியாகத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மக வருதும்மா, பின்னாடி பஸ்ல வருது" என்றேன். முன்பின் தெரியாத மனுஷியிடம் எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மா அதை நம்பி, புள்ளயப் பாத்துட்டுப் போறேன் என்று உட்கார்ந்துவிட்டது. அது ரோட்டைப் பார்க்கிறது, நானும் பார்க்கிறேன். ஒரு பஸ் வந்து நிற்காமல் போனது. "அடுத்ததுல வரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த இரண்டாவது டம்ளர் டீயைக் கீழே கொட்டிவிடாமல் ஆறிப்போகிற வரைக்கும் வைத்திருந்தேன் பாப்பா. இருட்டுவதற்கு முன்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். தனியாகப் படுக்கத்தான் வீடு இருக்கிறதே, அதற்கு எதற்கு அவ்வளவு தூரம்?

இப்போது பார், தான் வெட்டின குழியில் தானே விழுந்த கதையாகிவிட்டது. நான் மாட்ட முடியவில்லை, முடியவில்லை என்று சொல்லச் சொல்ல, நீ வருவாய் என்று நான் நினைத்தேன். "எப்படியும் மாட்ட முடியல, சும்மா துருப்பிடிச்சுக் கெடக்கு, ஆசைப்படற ஆளுக்குக் குடுத்துடலாம்பா" என்று நீ முடிவு செய்தாய். நீயே விளம்பரம் போட்டு, நீயே ஆளையும் பிடித்து அனுப்பிவிட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. என் பேச்சை நம்பித்தானே செய்தாய்.

வந்தவர் தங்கமான மனுஷர். வளைகுடா நாட்டில் டிரைவராக இருந்தவராம். வெள்ளிக்கிழமையானால் முதலாளிமார் இந்த மாதிரி வண்டியை இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போவார்களாம், இவர் கூடவே போய்க் காவல் இருப்பாராம். "ஒரு நா என் வீட்டு ஆளுவள இதுல கூட்டிக்கிட்டுப் போவணும்னு அப்பவே நெனச்சேங்கய்யா, இன்ஷா அல்லாஹ்" என்றார். சம்சாரத்தையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் பின்கதவைத் தூக்கி, அடுப்பைத் தொட்டுப் பார்த்து, "இதுல சோறாக்கலாங்களா?" என்று கேட்டது. ஆக்கலாம், ஆனால் காற்றுப் பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும் என்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொடுத்துவிடலாம் என்றே தோன்றிவிட்டது.

"ஒரு தடவ மாட்டிக் காட்டுங்கய்யா" என்றார். நான் யோசிக்கவே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு சோளத்தட்டையை எடுத்தேன், கட்டினேன், ஒரே தடவையில் பின்னால் போய் மாட்டிவிட்டு இறங்கினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இறங்கினேன். அவர் என்னையே பார்த்தார். "தனியாவே மாட்டுறீங்களேய்யா. அப்பாவால தனியா மாட்ட முடியல, அதான் குடுக்குறோம்னு உங்க மக சொன்னாங்களே." சங்கிலியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். "அவங்களுக்குச் சொல்லிருவோம், சந்தோஷப்படுவாங்க" என்று அவர் போனை எடுத்தார். "வேணாங்க" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கய்யா. நீங்களே சொல்லிருங்க. தை வரைக்கும் நான் வேற வண்டி பாக்கல" என்றார். போகும்போது அந்தப் பெண் தானாக வந்து, "ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

அவ்வளவுதான் பாப்பா. சொல்லிவிட்டேன். உன் அப்பனுக்குத் தனியாக மாட்டத் தெரியும், மாசியிலிருந்தே தெரியும். கழற்றவும் தெரியும். எந்த மேட்டிலும் ஏற்றவும் இறக்கவும் இன்னும் கை இருக்கிறது. என்னால் முடியாதோ, கீழே விழுந்துவிடுவேனோ என்று நீ அங்கே கவலைப்பட வேண்டாம். முடிகிறது. அதுதான் எனக்குத் துக்கமாக இருக்கிறது. முடியாமல் இருந்தவரைக்கும் உன்னைக் கூப்பிட ஒரு காரணம் இருந்தது.

வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று நீ சொன்னால் கொடுத்துவிடுகிறேன், நல்ல கைக்குத்தான் போகிறது. ஆனால் அதை நேரில் வந்து சொல். லீவு இல்லை, டிக்கெட் விலை, எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு வேறு சாக்கு சொல்லத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே ஓடி வருவாய், அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. ஒரு வேலைக்கும் நீ வேண்டாம். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அதற்குத்தான் கூப்பிடுகிறேன்.

வந்தால் நான் ஜீப்பில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ எப்போதும் போலப் பின்னால் போய் நில். கண்ணாடியில் உன் முகம் தெரிகிற வரைக்கும் மெதுவாக வருகிறேன். சோளத்தட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஜீப்பில் ஒரே ஒரு தட்டு தட்டு. நின்றுகொள்கிறேன்.

அப்பா